மஞ்சள் மின்னல்

கேப்ஸ் லாக்கை அமுக்கினான் ஆன்சன். விளக்கு எரியவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினான். கீபோர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது மாதிரி. விளக்கு எரியவில்லை. எதிரே டிவித் திரையில் அம்புக்குறி பாதி வழியில் உறைந்து நின்றது. மேல் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை. சில நாட்களாகவே அது வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஃபோனில் மின்னல் தெரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். இதிலும் ஏதோ நல்லது ஏறிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான். கூடவே ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கையும் வரும். அதைப் படிக்காமலேயே மூடிவிடுவான். சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினான்கு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தவன், அதாவது அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்டவர்கள் தங்கள் வீட்டு எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை.

பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. கடைசிச் சுற்று. முந்தைய சுற்றுகளை ஃபோனில் பேசியே ஒப்பேற்றிவிட்டான். இந்தச் சுற்றில் முகமும் திரையும் ஒரே கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், அவர்கள் பார்க்கப் பார்க்க அவன் டைப் அடித்துக் காட்ட வேண்டும், ஃபோன் ஆகாது என்று மெயிலில் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே நேற்று டவுன் ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்து, இன்று காலைதான் மாட்டினான். அவன் முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த மறுநிமிடம் கீபோர்டு படுத்துவிட்டது. மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி. வியர்வை அதற்குள் காலருக்கு வந்திருந்தது.

கம்ப்யூட்டர் என்று சொன்னால் அதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒற்றைப் போர்டில் எல்லாவற்றையும் பொருத்தி, வெள்ளை பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த சின்னப் பெட்டி. எப்போதோ கம்பெனி விழாவில் ஏதோ போட்டியில் ஜெயித்ததற்குக் கொடுத்தார்கள். அலமாரியில் கிடந்த அதை அவன் அம்மா பிலோமினாள் இரண்டு தடவை குளியலறைக்குக் கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு அது சோப்பு டப்பா. இன்றைக்கும் அதை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்தச் சோப்பு டப்பாவை டிவியில் மாட்டித்தான் நான்கு மாதமாக ஆன்சன் 'ஆபீஸ்' போய்க்கொண்டிருந்தான்.

ஏனென்றால் நிஜமான ஆபீஸ் நான்கு மாதத்துக்கு முன்பே அவனைப் போகச் சொல்லிவிட்டது. கொரோனாவிலிருந்தே விளாங்குடி வீட்டில் இருந்துதான் வேலை பார்த்தான் என்பதால், வேலை போனதற்கு வெளியே தெரியும்படி அடையாளம் எதுவும் இல்லை. கூரியர்காரன் வந்து லேப்டாப்பை எடுத்துப் போனான், அவ்வளவுதான். "சர்வீசுக்குப் போகுதும்மா" என்று சொல்லிவைத்தான். பள்ளிக்கூட டீச்சரான மனைவி ஆன்மேரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அம்மாவுக்கு பி.பி. இருக்கிறது, சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். பி.பி. ஒரு காரணம்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் எதிர்வீட்டுப் பாண்டீஸ்வரிக்குத் தெரியும், பாண்டீஸ்வரிக்குத் தெரிந்தால் திண்டுக்கல் ரோட்டில் பஸ் ஓட்டிப் போகிறவனுக்குக்கூடத் தெரியும் என்பது பெரிய காரணம்.

அதனால் தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். நடுநடுவே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா, ஃப்ரைடே ரிலீஸ் பண்ணிரலாம் சார்" என்று யாருமில்லாத ஃபோனிடம் தெருவுக்குக் கேட்கும்படி பேசினான். தெருவும் அவனை மதித்தது. பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் சின்னச்சாமியின் வண்டியில், கத்தரிக்காய் தக்காளி என்று ஒரு ஒலிபெருக்கி ஓயாமல் அலறும். ஆன்சன் வீடு வந்ததும் அதை அமர்த்திவிட்டு, ரெண்டு வீடு தள்ளிப் போய்த்தான் மறுபடி போடுவான். ஐ.டி. வேலைக்கு இந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி என்று ஆன்சன் நினைத்துக்கொள்வான்.

கீபோர்டைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் சொருகினான். பிறகு கீழ்த்துளையில். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். முறுக்குத் தூளும், எப்போதோ உதிர்ந்த முடியும் கொட்டின. பெட்டியை அணைத்துப் போட்டான். திரையில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் தோன்றி, எழுத்துகள் ஓடி, எல்லாம் வந்து, கீபோர்டு மட்டும் வரவில்லை. மூன்றாவது தடவை பெட்டி தானாகவே அணைந்து தானாகவே கிளம்பியது. அடுப்படியிலிருந்து பிலோமினாள் குரல் கொடுத்தாள்.

"என்னய்யா, சோப்பு டப்பா மக்கர் பண்ணுதா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல சர்வர் டவுன்."

பொய் சொல்லிப் பழகிவிட்டால் அதற்கு ஒரு சரளம் வந்துவிடுகிறது.

யார் வீட்டிலாவது லேப்டாப் கேட்கலாம். தெருவில் நாலைந்து வீட்டில் இருக்கிறது. ஆனால் ஐ.டி.க்காரன் போய் லேப்டாப் இரவல் கேட்டால் உன் லேப்டாப் எங்கே என்று கேட்பார்கள். கீபோர்டு கேட்டால் அப்படி இல்லை; குடை இரவல் கேட்கிற மாதிரிதான். தப்பு கீபோர்டில்தான் என்று முடிவுகட்டி, கைலியை மாற்றிக்கொண்டு, பைக்கை எடுத்து மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அருள்பாண்டியிடம் போனான். ஒன்றாகப் படித்தவன். ஒரு குண்டூசி கேட்டால்கூட எதைக் குத்த, யாரைக் குத்த என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பான்.

"மாப்ள, ஒரு கீபோர்டு இருந்தாக் குடுடா. சாயங்காலம் தாரேன்."

அருள்பாண்டி எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது கம்ப்யூட்டரில் ஆதார் கார்டுக்குக் காத்திருந்த பெரியவரின் கைக்கு அடியிலிருந்தே கீபோர்டை உருவினான்.

"எம்புட்டு நாளு வேணுன்னாலும் வச்சுக்க. மீட்டிங்காடா?"

"ஆமாடா. கிளையன்ட் மீட்டிங்."

"சரி சரி. பதறாம, நல்லாப் பண்ணு மாப்ள."

வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் அந்த வார்த்தை உறுத்தியது. கிளையன்ட் மீட்டிங்குக்குப் போகிறவனிடம் யாரும் நல்லாப் பண்ணு என்று சொல்வதில்லை. பரீட்சைக்குப் போகிறவனிடம் சொல்வது அது. ரயில்வே கேட் மூடியிருந்தது. மோர் விற்பவன் ஒவ்வொரு வண்டியாக வந்து ஆன்சனிடமும் நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பைக்கின் பிரேக்கை அவசியமில்லாமல் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான். நீளமான சரக்கு ரயில் ஒன்று, யாருக்கும் எந்த இன்டர்வியூவும் இல்லை என்கிற தினுசில் போனது.

அருள்பாண்டியின் கீபோர்டிலும் கேப்ஸ் லாக் எரியவில்லை.

இரண்டு கீபோர்டு ஒரே காலையில் சாகாது. எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவின் ஒயரைப் பிடுங்கினான். கீபோர்டு பளிச்சென்று உயிர்பெற்றது. கேமராவை மாட்டினான். செத்தது. பிடுங்கினான், பிழைத்தது. இரண்டில் ஒன்றுதான் உன்னிடம் வாழும் என்று சோப்பு டப்பா சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது மறுபடி அந்த மஞ்சள் மின்னல் வந்தது. அதுவரை பார்த்த மரியாதையில்லாத பார்வையை விட்டுவிட்டு, ஃபோனை எடுத்து அதைப் பற்றித் தேடினான். முதல் வரியிலேயே இருந்தது: இந்தக் குறி தெரிந்தால் போர்டுக்குக் கரண்ட் போதவில்லை என்று பொருள். சார்ஜரைப் பாருங்கள். எதுவும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. இத்தனை நாளும் அது பசி பசி என்று கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தான். வெள்ளைதான். ஆனால் பெட்டியோடு வந்த கனத்த சார்ஜர் இல்லை. பழைய ஃபோன் ஒன்றின் சார்ஜர். மஞ்சள் பாரித்து, ஓரம் இளகி, ஒயரின் கழுத்து விண்டு போயிருந்தது. அசல் சார்ஜர் எங்கே? டிவி மேசையின் இழுப்பறை, ஆன்மேரியின் விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே. எங்கும் இல்லை. மணி பத்தரையைத் தாண்டியது. கூடத்தின் நடுவில் நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தபோது, பக்கச்சுவர் மாடத்தில் இருந்த மாதா கெபியின் பின்னாலிருந்து ஒரு வெள்ளை ஒயர் இறங்குவதைக் கண்டான்.

போன வருடம் வேளாங்கண்ணி போனபோது பிலோமினாள் வாங்கி வந்த பிளாஸ்டிக் கெபி அது. பாறைக் குகை மாதிரி இருக்கும். உள்ளே மாதா, சுற்றிலும் பொடிப் பொடியாக நீல விளக்குகள். கொஞ்ச நாளாக இரவும் பகலும் எரிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு வயதாகிறது, அணைக்க மறந்துவிடுகிறாள் என்று ஆன்சன் நினைத்திருந்தான். ஒயரைத் தொடர்ந்து போனால் சுவரில் அவனுடைய சார்ஜர், கனமாக, வெதுவெதுப்பாக, சுகமாக உட்கார்ந்திருந்தது.

"அம்மா! இந்தச் சார்ஜர யாரு இங்க மாட்டுனது?"

"நாந்தான். ஏன்?" பிலோமினாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இது கம்ப்யூட்டரோடதும்மா!"

"ரெண்டும் வெள்ளதான, ரெண்டுக்கும் ஒரே மூக்குதான? பழசப் போட்டா மாதாவுக்கு விட்டு விட்டு எரிஞ்சுச்சு. அதான் மாத்தி வச்சேன். ஒன் சோப்பு டப்பாதான் எதப் போட்டாலும் எரியுதே."

ஆன்சன் சார்ஜரில் கை வைத்தான். அறுபத்து நாலு வயதும் முட்டி வலியும் உள்ள பிலோமினாள் அடுப்படியிலிருந்து அங்கே வந்து நின்ற வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"தொடாத! வேண்டுதலுய்யா. நெறவேறுற வரைக்கும் அணையக் கூடாது."

"என்ன வேண்டுதலு?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

இந்த நேரத்தில்தான் பாண்டீஸ்வரி கேட்டைத் திறந்துகொண்டு, கொஞ்சம் கருவேப்பிலை வேண்டும் என்று உள்ளே வந்தாள். அவள் வீட்டு வாசலிலேயே ஆள் உயரத்துக்குக் கருவேப்பிலைச் செடி நிற்கிறது. சத்தம் கேட்டு வந்தேன் என்று எந்தப் பெண்பிள்ளை சொல்லுவாள்? வாசல்படியில் நின்றபடியே விஷயத்தை முழுசாகக் கேட்டுமுடித்துவிட்டு, நியாயம் சொன்னாள்.

"ஏக்கா, தம்பி வேலைக்குன்னு போட்ட வெளக்குதான அது. தம்பிகிட்டயே மறைச்சா எப்புடி?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். அடுப்படியில் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது.

"எந்த வேலைக்கு?" என்றான் ஆன்சன். கேள்வி கேட்டவனுக்கே பதில் தெரிந்திருந்தது.

பிலோமினாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாலு மாசமாவா ஒரு லேப்டாப்ப சர்வீஸ் பண்ணுவாய்ங்க? முன்னாடியெல்லாம் போன எடுத்தா யாரையாச்சும் இங்கிலீஷ்ல வஞ்சுக்கிட்டே இருப்ப. இப்ப அம்புட்டு மருவாதையாப் பேசுற. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அங்குட்டு ஆளே இல்லன்னு."

"தெருவுக்கே தெரியுமா?"

"சேச்சே, தெருவுக்கெல்லாம் நான் சொல்லல. அன்பியத்துல மட்டுந்தான் சொன்னேன்."

அன்பியம் என்பது அந்தப் பகுதிக் கத்தோலிக்க வீடுகள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செய்கிற ஜெபம். முடிவில் ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லுவார்கள். இன்னார் மகளுக்குக் குழந்தை பிறக்க, இன்னார் குடியை விட, என்று. விளாங்குடியில் அதற்கு நிகரான செய்தி அறிக்கை வேறு கிடையாது. பாண்டீஸ்வரி குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவள்தான். ஆனாலும் அன்பியத்தை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. சுண்டலுக்குப் போகிறேன் என்பாள். அன்றைக்கு பிலோமினாள் மகன் வேலைக்காக மன்றாடியபோது, எல்லோரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றார்களாம். ஆன்மேரியும்தான். கொஞ்சம் சத்தமாகவே என்றாள் பாண்டீஸ்வரி.

ஆன்சன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நான்கு மாதத்துத் தெரு முழுக்க அவன் முன்னால் திரும்பி நின்றது. ஒலிபெருக்கியை அமர்த்திவிட்டுப் போன சின்னச்சாமிக்கு, அந்த வீட்டில் எந்த மீட்டிங்கும் நடக்கவில்லை என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அமர்த்தியிருக்கிறான். ஜன்னலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்ட பெண்கள், எதுவும் கேட்காமல் கீபோர்டை உருவிக் கொடுத்தவன், எல்லோரும். ஃப்ரைடே ரிலீஸ் பண்ணிரலாம் சார். யாருக்காக அவன் கத்தினானோ அவர்கள்தான் அவனுக்காக நடித்திருக்கிறார்கள், அதுவும் அவனைவிட நன்றாக. காது சுட்டது. எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் தெரு இருந்தது.

"தம்பி, இன்னைக்கி இன்டர்வியூவா?" பாண்டீஸ்வரிதான் கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டாள்.

"ஆமா. பதினோரு மணிக்கு. இந்தச் சார்ஜர் இல்லாட்டி கீபோர்டு வேலை செய்யாது. விட்டா இனி வேற கூப்பிட ஆளில்ல."

ஆன்மேரியைத் தவிர மற்றவர்களிடம் நான்கு மாதத்தில் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் உடம்பு லேசாகவில்லை, வியர்வைதான் கூடியது. பிலோமினாள் கெபியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கை அணைத்தால் வேண்டுதல் போச்சு, அணைக்காவிட்டால் வேலை போச்சு. எந்த வேலைக்காக விளக்கோ அந்த வேலையின் கரண்டைத்தான் விளக்கு குடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு யாரிடம் போய் வழி கேட்பது? பங்குச் சாமியாருக்கு ஃபோன் போடவா என்றாள். சாமியார் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பார் என்றான் ஆன்சன். பாண்டீஸ்வரிதான் பொறுமை இழந்தாள்.

"மெழுகுவத்தி இருக்குல்லக்கா? மொதல்ல அதப் பொருத்து. மாதாவுக்கு வெளிச்சம் வேணும், அம்புட்டுத்தான. அது வத்தியில இருந்து வந்தா என்ன, ஒயர்ல இருந்து வந்தா என்ன?"

"அணைஞ்ச மாதிரி ஆயிராதா?"

"இது எரியிறப்பவே அதப் பொருத்திட்டா எங்குட்டுக்கா அணையும்?"

பிலோமினாளுக்கு இது சரியா தவறா என்று தெரியவில்லை. ஆனால் மறுக்கவும் தெரியவில்லை. மெழுகுவத்தியைக் கொளுத்தி, தட்டில் உருக்கி நிறுத்தி, கெபியின் வாய்க்குள் வெளிச்சம் விழும்படி மாடத்தில் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, "இப்ப எடு" என்றாள். ஆன்சன் சார்ஜரைப் பிடுங்கினான். நீலப் பொடி விளக்குகள் செத்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாதாவின் முகம் மஞ்சளாக, இதுவரை பார்க்காத வேறு யாரோ மாதிரி தெரிந்தது. பழைய சார்ஜரைக் கெபியில் மாட்டினான். அது ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு ஒரேயடியாக உயிரை விட்டது. ஆன்மேரியும் அவனும் சேர்ந்து பயன்படுத்தும் சார்ஜர் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அம்மாவின் பட்டன் ஃபோன் சார்ஜர் ஊசி மாதிரி. பாண்டீஸ்வரி வீட்டுச் சார்ஜரை அவள் மகன் கம்பெனிக்குக் கொண்டு போயிருந்தான். ஆக இன்டர்வியூ முடிகிற வரைக்கும் மெழுகுவத்திதான்.

சோப்பு டப்பாவில் கனத்த சார்ஜர் ஏறியது. வானவில் சதுரம் வந்தது, எழுத்துகள் ஓடின, மின்னல் வரவில்லை. கேமராவில் அவன் முகம் தெரிய, கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆன்சன் ஜன்னலைச் சாத்தினான், திரைச்சீலையை இழுத்துவிட்டான். மேலே காற்றாடி சுற்ற, மெழுகுவத்தி படபடத்தது.

"ஃபேன அமத்திரவாம்மா?"

"வேணாம். நீ வேர்த்து வழிஞ்சு உக்காந்திருந்தா எவன் வேலை குடுப்பான்? நாங்க பாத்துக்கிறோம்."

இரண்டு பெண்களும் மாடத்தின் இரு பக்கமும் நின்று, சுடரைச் சுற்றிக் கைகளை அணையாகப் பிடித்தார்கள். ஆன்சன் கேமராவை இடது பக்கமாகத் திருப்பி, அவர்கள் தெரியாதபடி பார்த்துக்கொண்டான். பின்னால் வெற்றுச் சுவர் மட்டும். பதினோரு மணி. மணியோசை மாதிரி ஒரு சத்தம் வந்து, டிவி முழுக்க ஒரு பெண் தோன்றினாள். அவனைவிடப் பத்து வயதாவது சின்னவள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வணக்கம் சொல்லி, அவன் பெயரைச் சரியாக உச்சரித்தாள். நல்ல அடையாளம் என்று பட்டது. பாதி இங்கிலீஷிலும் பாதித் தமிழிலும் விதிகளைப் படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, திரையருகே குனிந்து பார்த்தாள்.

"ஆன்சன், ரூம்ல நீங்க மட்டும்தான இருக்கீங்க? வேற யாரும் இருக்கக் கூடாது. உங்களுக்குப் பின்னாடி ஏதோ அசையுது."

திரையின் ஓரத்தில் இருந்த சின்னச் சதுரத்தில் ஆன்சன் தன்னைப் பார்த்தான். நீலச் சட்டை, ஒட்டிய தலைமுடி. அவன் தலைக்கு மேலே, வெற்றுச் சுவர் என்று அவன் நினைத்த இடத்தில், அவனைவிடப் பெரிதாக நான்கு உள்ளங்கைகளின் நிழல், நடுவில் ஒரு பூ மாதிரி எதையோ பொத்தி, கூரை வரைக்கும் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். மாடத்தருகே உருகிய மெழுகு ஒரு சொட்டு வழிந்து பாண்டீஸ்வரியின் விரலில் விழுந்தது. எறும்பு கடித்தாலே தெருவைக் கூட்டுகிறவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். கண்ணில் நீர் கோத்தது, சத்தம் வரவில்லை, கை நகரவில்லை. காற்றாடிக் காற்றில் சுடர் ஒரு பக்கமாகப் படுத்து, இரண்டு பேர் கைகளுக்குள் மெல்ல நிமிர்ந்தது.